ஒரு டேப்லட், ஒரு ஸ்டெப்னி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் தொண்டை டாக்டரின் அறை வாசலில் மைனாவை நிறுத்திவிட்டு வந்தோம். உள்ளே போனாள், வாயைத் திறந்தாள், டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "கட்டி எடுத்த இடமே தெரியலை. இனிமே தாராளமா பேசலாம், படிக்கலாம்" என்றார். அரை வருஷம் சைகையிலேயே குடும்பம் நடத்தியவள், தெருவுக்கு வந்ததும் கண்ணில் பட்ட கடைப் பலகைகளையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

அது அவளுடைய பிறவிக் குணம். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் வாய் சும்மா இருக்காது. சோப்பு உறை, மருந்து பாட்டில், லாரியின் பின்பக்கம் எதுவும் தப்பாது. மைனா என்ற பட்டப்பேர் அதனால் வந்ததுதான். அந்தக் குணமே தொழிலாகவும் அமைந்துவிட்டது. கேட்கும் புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பது அவள் வேலை. அவள் ஒலிப்பதிவு அறையில் படிப்பதை எங்கெங்கோ இருப்பவர்கள் வண்டி ஓட்டிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் கேட்பார்கள்.

குரல் வந்துவிட்டதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் பதிப்பாளருக்குத்தான்.

ஒரு தங்கும் விடுதி நடத்தும் மூன்று சகோதரிகளின் கதை, ஆறு பாகம். அதைக் குரலாக்கப் போகிறார்கள். மைனா ஆசைப்பட்ட புத்தகம். ஆனால் பதிப்பாளர் கறாரான பெண்மணி. "வெள்ளிக்கிழமை வாங்க. ஒரு அத்தியாயம், ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் நிக்காம படிங்க. நடுவுல நின்னா நான் வேற குரல் பாத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

இன்று அந்த வெள்ளிக்கிழமை. வீட்டில் காலையிலேயே சண்டை ஆரம்பமாகிவிட்டது.

சண்டை மைனாவுக்கும் யாருக்கும் இல்லை. அவள் கணவருக்கும் நாத்தனாருக்கும். விஷயம், மைனா எதைப் பார்த்துப் படிப்பது என்பது.

காகிதம் ஆகாது. பக்கம் புரளும் சத்தத்தை மைக் ஒன்றுக்குப் பத்தாகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறுத்தி, புரட்டி, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நிற்காமல் படிக்க வேண்டுமென்றால் திரைதான் வழி.

"அண்ணி, யோசிக்கவே யோசிக்காதீங்க. டேப்லட்தான்" என்றாள் நாத்தனார். அவள் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறாள். வாயைத் திறந்தால் சலுகை, தள்ளுபடி, கூடவே ஒரு கவர் இலவசம். வீட்டில் அவளுக்கு ஆஃபர் என்று பேர். "பளிச்சுனு கலரு, தொட்டா திரும்பற பக்கம், எழுத்தை எவ்வளவு வேணா பெருசாக்கலாம். என்னோடதையே எடுத்துக்கிட்டுப் போங்க. என் சாமானையெல்லாம் அழிச்சுட்டேன்."

கண்ணாடிக்காரர் டீயை வைத்துவிட்டு நிமிர்ந்தார். மைனாவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். உலகத்தில் இருக்கும் தொல்லைகளில் பாதி கண்ணைப் பார்த்துக்கொள்ளாததால் வருகிறது என்பது அவர் கட்சி.

"கண்ணுக்கு நேரா டார்ச் அடிக்கிற மாதிரி அது. ஒரு மணி நேரம் அதையே பாத்தா எழுத்து மேல எழுத்து ஏறும். என் சிலேட்டை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்றேன், கேக்க மாட்டேங்கறா."

சிலேட்டு என்று அவர் சொல்வது அவருடைய இ-ரீடரை. சாம்பல் நிறம், கறுப்பு எழுத்து, பளபளப்பே கிடையாது. கடையில் ஆள் வராத நேரங்களில் துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளுவார்.

"அதுல கலர் வருமா அண்ணா?"

"வராது."

"வீடியோ?"

"புக்கு படிக்க வீடியோ எதுக்கு?"

"பக்கம் திரும்பறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சுடலாம். இதை எங்க கடையில மூலையில வச்சிருக்கோம். கேக்கறவங்களுக்குக்கூட நாங்க எடுத்துக் காட்டறதில்லை."

"அதான் உங்க கடைக்கு வர்றவங்கல்லாம் அப்புறம் என் கடைக்கு வர்றாங்க."

மைனா சிரித்துக்கொண்டே வெந்நீரை ஃபிளாஸ்கில் ஊற்றினாள். அவள் ஏற்கெனவே முடிவு செய்தாகிவிட்டது. டேப்லட்தான். காரணம் நிறம். கதையில் வரும் ஒவ்வொருவர் பேச்சுக்கும் ஒரு நிறம் அடித்து வைப்பாள். மூத்தவளுக்குப் பச்சை, நடுவிலவளுக்கு மஞ்சள், கடைசிப் பெண்ணுக்கு ரோஸ். தூரத்தில் பச்சை தெரிந்ததுமே தொண்டை மூத்தவளுக்குத் தயாராகிவிடும். இந்த அத்தியாயம் முழுவதும் நாத்தனாரின் டேப்லட்டிலேயே மூன்று நாளாக உட்கார்ந்து நிறம் அடித்திருக்கிறாள். சிலேட்டில் அந்த வேலை ஆகாது.

"உங்க சிலேட்டு நல்லதுதாங்க. ஆனா எனக்குக் கலர் வேணும்" என்றாள்.

"சரி. அப்ப ஸ்டெப்னியா வச்சுக்க." கண்ணாடிக்காரர் சிலேட்டை அவள் பைக்குள் சொருகினார். "புஸ்தகம் ஆறு பாகமும் ஏத்தி வச்சிருக்கேன். வண்டி நல்லா ஓடினா டிக்கியிலேயே கிடக்கட்டும்."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "அங்க அந்தப் பையன்தானே ரெக்கார்டிங் பாக்கறான்? அவன் இன்னும் ஒரு மணி நேரம் படின்னு சொன்னாலும் படிக்காதே. ஒரு தடவை பட்டது போதும்."

ஆஃபர் சட்டென்று எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு வேலை செய்ய நாலு தடவை கூப்பிட வேண்டியவள் தானாகவே தட்டு கழுவப் போகிறாள். மைனா அதைக் கவனித்திருக்க வேண்டும். அவள் மனசு மூன்று சகோதரிகளிடம் இருந்தது.

அந்தப் பையன் என்று கண்ணாடிக்காரர் சொன்னது ஸ்டூடியோவின் ஒலிப்பதிவாளனை. சவுண்டு என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். தங்கமான பையன். மைனாவின் குரல் போன அன்று அவன்தான் பதிவு செய்துகொண்டிருந்தான். "நாளைக்குப் பாத்துக்கலாம்கா" என்று அவன் சொல்லியும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று அடம் பிடித்தவள் மைனா. இதை அவள் கணவரிடம் சைகையில் சொன்னாள், எழுதிக் காட்டினாள், இப்போது வாயாலும் சொல்கிறாள். அவர் காதில் ஏறவில்லை. பெண்டாட்டியின் குரலைப் பறித்தவன் என்று ஒருவனை முடிவு கட்டி வைத்துவிட்டார். மனுஷனுக்குக் கோபப்பட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஒலிப்பதிவு அறை மைனாவை வரவேற்றது. சுவரெல்லாம் பஞ்சு, கிறீச்சிடாத நாற்காலி, முன்னால் மைக், தலைக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு. கதவைச் சாத்தினால் சொந்த மூச்சு சொந்தக் காதில் விழும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சவுண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பதிப்பாளர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். குரலை எடை போடும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

உள்ளே ஃபோன் கூடாது என்று கதவில் சவுண்டே ஒரு பலகை மாட்டியிருந்தான். மைனா அதையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, ஃபோனை வெளியே வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். டேப்லட்டில் சத்தத்தை அணைத்தாயிற்று. வெந்நீர் ஒரு வாய் குடித்தாள்.

"ஆரம்பிக்கலாம்கா" என்றான் சவுண்டு, ஸ்பீக்கரில்.

ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே குரல் வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. பச்சை வந்தது, மூத்தவள் அதட்டினாள். மஞ்சள் வந்தது, நடுவிலவள் மழுப்பினாள். ரோஸ் வந்தது, கடைசிப் பெண் சிணுங்கினாள். வர்ணனை வரும் இடங்களில் மைனா தன் குரலில் நிதானமாக நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பயம் என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது.

இந்தத் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. வாய் ஒரு வரியில் இருக்கும்போது கண் அடுத்த வரிக்குப் போயிருக்க வேண்டும். கண் கொடுப்பதை வாய் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். நின்று யோசித்தால் பேச்சு பேச்சாக இருக்காது, படிப்பாகிவிடும்.

சாப்பாட்டு மேஜைக் காட்சி. மூத்தவள் கடைசித் தங்கையைத் தேற்றுகிறாள். பச்சை வரி ஒன்று முடிந்தது. அடுத்த வரிக்குக் கண் போனது. அந்த இடத்தில் மேலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை இறங்கி நின்றது. அதில் எழுத்து இருந்தது. எழுத்து இருந்தால் மைனாவின் வாய் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்.

மூத்தவளின் கனத்த, பரிவான குரலில் மைனா படித்தாள்:

"கவலையே படாதே. உன் அண்ணி பிரமாதமா படிக்கிறாங்க. சாயங்காலம் கடை மூடினதும் உங்க அண்ணன்கிட்ட நம்ம கல்யாண விஷயத்தைப் பேசிடறேன்."

பட்டை மறைந்தது. அடியிலிருந்த பச்சை வரி மறுபடி தெரிந்தது. வாய் அதையும் படித்தது. அதற்கடுத்த ரோஸ் வரியையும் படித்தது. அப்புறம்தான் மைனாவுக்கு உறைத்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு எழுந்து நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் ஃபோன். முகத்தில் ஈயாடவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் கெட்டது அடுத்தவர் வாயால்.

அடிப்பாவி, எல்லாத்தையும் அழிச்சுட்டேன்னு சொன்னியே என்று மனசு நாத்தனாரைத் திட்டியது. தட்டு கழுவப் போனதன் அர்த்தமும் இப்போது விளங்கியது. வாய் மட்டும் தன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தது.

பதிப்பாளர் கண்ணைத் திறக்கவில்லை. தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது, ரசிப்பவர்களுக்கு ஆடுவது போல. அவருக்குத் தெரியவில்லை. இன்னும் நாலு பக்கம். படித்து முடித்தால் ஆறு பாகமும் மைனாவுக்கு. அந்த ஒரு வரியைச் சவுண்டு அப்புறமாக வெட்டி எடுத்துவிடுவான், அவன் வாயைத் திறக்கப் போவதும் இல்லை. நிறுத்தினால் போயிற்று. அரை வருஷம் காத்திருந்த புத்தகம்.

மைனா இன்னும் ஒரு வரி படித்தாள். ருசிக்கவில்லை. எழுதியவர் எழுதாத வரியை அவர் பாத்திரத்தின் வாயில் திணித்துவிட்டு, நிற்காமல் படித்தேன் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? கையைத் தூக்கினாள். நிறுத்தினாள்.

பதிப்பாளர் கண்ணைத் திறந்தார். "என்னாச்சு? தொண்டையா?"

"தொண்டை நல்லாயிருக்கு மேடம். நடுவுல ஒரு வரி படிச்சேன். அது புஸ்தகத்துல இல்லை."

"எது?"

"அண்ணன்கிட்ட பேசறேன்னு வந்ததே, அது."

"அது நல்லாத்தானே இருந்தது. கதை சூடு பிடிக்குதுன்னு பாத்தேன்."

"அந்த மூணு பேருக்கும் அண்ணனே கிடையாது மேடம்."

பதிப்பாளர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அப்ப அந்த வரி எங்கேருந்து வந்தது?"

மைனா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சவுண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "டேப்லட்ல ஒரு மெசேஜ் வந்தது. எங்க வீட்டு விஷயம்" என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை.

"நிக்காம படிக்கணும்னு சொல்லியிருந்தேன்."

"சொன்னீங்க. என் குரல் நிக்கலை. நான்தான் நிறுத்தினேன். அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியும் மேடம்." மைனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் தயார் பண்ணின அத்தியாயம் வேணாம். ஆறு பாகத்துல எது வேணா நீங்க சொல்லுங்க. இப்பவே படிக்கிறேன்."

"கலர் எதுவும் அடிக்காம?"

"அடிக்காம."

டேப்லட்டை அணைத்து நாற்காலிக்குக் கீழே வைத்தாள். பையைத் துழாவினாள். ஃபிளாஸ்குக்குப் பின்னால் சிலேட்டு இருந்தது. ஸ்டெப்னி.

பதிப்பாளர் லேசுப்பட்டவர் இல்லை. ஐந்தாம் பாகத்தில் ஓர் அத்தியாயம் சொன்னார். விடுதியை விற்பதா வேண்டாமா என்று மூன்று சகோதரிகளும் ஒரே அறையில் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பேசும் இடம். யார் பேசுகிறார்கள் என்று எழுதியவர் பாதி இடத்தில் சொல்லவே இல்லை.

சிலேட்டு தானாக ஒளிரவில்லை. பின்னாலிருந்த விளக்கு அதன்மேல் காகிதத்தில் விழுவதுபோல் விழுந்தது. பளபளப்பு இல்லை, மேலிருந்து எதுவும் இறங்கவும் இல்லை. எழுத்து மட்டும்தான் இருந்தது. நிறம் இல்லாததால் மைனா வேறு வழியின்றிச் சொற்களையே கேட்டாள். இப்படிக் குத்திப் பேசுகிறவள் நடுவிலவள்தான். இந்த இடத்தில் பேச்சை முழுங்குகிறவள் மூத்தவள். நிறம் சொல்லாததை அவர்களே சொன்னார்கள். பக்கம் மாறும்போது திரை ஒரு கணம் கறுத்து வெளுத்தது. நாத்தனார் கிண்டல் செய்த தாமதம் அதுதான். மைனா அந்த இடைவெளியில் மூச்சு எடுத்துக்கொண்டாள். அது அளந்து வைத்தது போல் பொருந்தியது.

முடிக்கும்போது கடைசிப் பெண் அழுதாள். மைனாவும் கொஞ்சம் அழுதாள். குரல் உடையவில்லை.

பதிப்பாளர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டார். "முதல்ல படிச்சப்ப மூணு பேரும் வரிசையில வந்து பேசிட்டுப் போனாங்க. இப்ப ஒரு வீட்டுக்குள்ள உக்காந்து பேசினாங்க. திங்கக்கிழமை முதல் பாகம் ஆரம்பிச்சுடுங்க." வாசல் வரை போய்த் திரும்பினார். "அந்த அண்ணன் என்ன சொன்னார்னு எனக்கும் சொல்லுங்க."

அவர் போனதும் சவுண்டு வந்து நின்றான். "அக்கா, தப்புதான். எப்படிப் போகுதுன்னு அவ கேட்டுக்கிட்டே இருந்தா. சந்தோஷத்துல அனுப்பிட்டேன்."

"உள்ள ஃபோன் கூடாதுன்னு பலகை மாட்டினது யாரு?"

"நான்தான்."

"நல்லா மாட்டினே போ." மைனாவுக்கு அவனைத் திட்டவும் வரவில்லை. "சாயங்காலம் வா. அவர் உன்மேல இன்னும் கோபத்துலதான் இருக்கார். இருந்தாலும் வா. இப்ப ரெண்டாவதா படிச்சதை ஒரு பென் டிரைவுல போட்டுக் குடு. நான் கதை படிக்கிற குரலை வீட்டுல அவர்தான் முதல்ல கேக்கணும்."

அவன் போட்டுக் கொடுத்தான். மனசு சாயங்காலத்துக்குப் போய்விட்டவனிடம் அந்த வேலையைக் கொடுத்திருக்கக் கூடாது.

சாயங்காலம் கண்ணாடிக்காரர் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்தார். "எது ஜெயிச்சது?" என்றுதான் முதல் கேள்வி.

"ஸ்டெப்னியில வண்டி ஓட்டிட்டு வந்தேங்க. ஆறு பாகமும் எனக்குத்தான். இனிமே வீட்டுல கலர் அடிக்க டேப்லட், உள்ள உக்காந்து படிக்க சிலேட்டு."

அவருக்கு வாயெல்லாம் பல். பென் டிரைவை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினார். மைனா நாத்தனாரைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"உன் மெசேஜை நான் படிச்சுட்டேன்."

ஆஃபரின் முகம் வெளுத்தது. "எந்த மெசேஜ் அண்ணி?"

"அதேதான். மைக்குல, மூத்த அக்கா குரல்ல, பதிப்பாளர் முன்னாடி."

ஆஃபர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "கணக்கை எடுத்தா நீங்க கலர் அடிச்ச புக்கும் அழிஞ்சுடுமோன்னு மெசேஜ் கணக்கை மட்டும் விட்டுட்டேன் அண்ணி. படிக்கிறதுக்கு மட்டும்னா சிலேட்டுதான் நல்லது. இதை நான் கடையில சொன்னா என் வேலை போயிடும்."

"அது கிடக்கட்டும். அவனை உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு." ஆஃபர் எந்தச் சலுகையும் சேர்க்காமல் சொன்ன முதல் சொல் அது. மைனாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொண்டாள்.

கூடத்துக்கு வந்தபோது கண்ணாடிக்காரர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் ஈரம். கதை படிக்கும் அந்தக் குரலைக் கேட்டு அரை வருஷம் ஆகிவிட்டது. மைனா அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். அங்கே இரண்டு பதிவுகள் இருந்தன. ஓடிக்கொண்டிருந்தது முதலாவது.

பாவி, இரண்டையும் போட்டிருக்கிறான்.

கை நீட்டி நிறுத்துவதற்குள் அவர் நெற்றி சுருங்கியது. கண்ணைத் திறந்தார். கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"இந்தக் கதையை நானும்தான் படிச்சிருக்கேன்" என்றார் மெதுவாக. "இதுல எங்கேயும் அண்ணன் வரமாட்டான். மைனா, அந்த வரியை எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டு."

வாசல் மணி அடித்தது. யார் என்று மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும்.

மைனா வாயைத் திறந்தாள். ஆஃபர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க இருங்க அண்ணி. அது எனக்கு வந்தது. நானே படிக்கிறேன்."

டேப்லட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் எதிரில் வந்து நின்றாள். நாள் முழுக்கக் கடையில் கத்தி விற்பவளுக்கு முதல் சொல் தொண்டையை விட்டு வரவில்லை. மணி இரண்டாவது தடவை அடித்தது. யாரும் நகரவில்லை.

மைனா பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்தாள். மிச்சமிருந்த வெந்நீரை மூடியில் ஊற்றி நாத்தனாரிடம் நீட்டினாள்.

"ஒரு வாய் குடி. அப்புறம் ஆரம்பி. ஆரம்பிச்சா நிறுத்தாதே."